கொக்கின் வாசிப்பு

தவளை எழுதிய கேலி நாவலுக்கு அன்று குளத்துப் படித்துறையில் ஆய்வுக் கூட்டம். குளத்தையே வளைத்துப்போட்டு, நீதிபதி ஆமையையும் விலைக்கு வாங்கிய ஒரு கொக்கு, கடைசியில் கெண்டை சொன்ன சாட்சியால் சீரழிகிற கதை. தவளைக்கு விவரமெல்லாம் கொடுத்த நிஜக் கெண்டை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. முன்வரிசையில் நிஜக் கொக்கு விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துத் தவளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெட்கமா இல்லையாய்யா? அந்தக் கொக்கு நீதான்யா!”

“தெரியும். அதான் வரிக்கு வரி படிச்சேன்,” என்றது கொக்கு. “எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கான். சாட்சியை உயிரோட விட்டதுலதான் கோட்டை விட்டுட்டான்.”

கெண்டைக்கென்று ஒதுக்கியிருந்த படியைத் தவளை திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

“அடப்பாவி, கெண்டை எங்கேடா?” என்று அலறியது.

“ஆகா, ஆழமான வாசிப்பு!” என்று, தலைமை தாங்கிய நீதிபதி ஆமை கைதட்டியது.