கிரகணத்துக்கு முன்பே

டாக்டர் ரெஜினா பிளாஸ்டிக் இதயத்தைத் திறந்து, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதயத்தின் இடப்பக்கம் சரியாக வளரவில்லை என்று காட்டினார். பிறந்ததும் அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள் வேண்டும். அப்போதும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வேறு யாருக்கோ சொல்வதுபோல் பூங்கோதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிரகணத்தன்னிக்குக்கூட இவள வெளிய விடல டாக்டர்," என்றான் அவள் கணவன் தணிகைவேல். "உள்ள வச்சுக் கதவப் பூட்டிட்டேன்."

அன்று அவள் இருட்டில் கைகால் மடக்காமல் படுத்திருந்தாள். நகம் பட்டால் குழந்தைக்கு வடு விழும் என்று மாமியார் சொல்லியிருந்ததால், முழங்கை அரித்தபோதும் சொறியவில்லை.

"இது எப்ப ஆச்சு டாக்டர்?" என்று கேட்டாள்.

"ரொம்ப ஆரம்பத்துலயேம்மா. ரெண்டு மாசத்துக்குள்ள இதயம் உருவாயிடும். நீங்க யாரும் எந்தத் தப்பும் பண்ணல."

பூங்கோதை கணவன் பக்கம் திரும்பினாள். "கிரகணம் வந்தது நாலாம் மாசம். அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுங்க."

மாலை வெயில் ஜன்னல் வழியாக இறங்கி அவள் வயிற்றின்மேல் விழுந்திருந்தது. அவன் எழுந்து வந்து வெயிலை மறைத்து நின்றுகொண்டான்.

"வெறும் வெயில்தாங்க, உக்காருங்க," என்றாள்.

அவன் உட்காரவில்லை.