படுக்கையறை ஃபேன்

கீச் என்ற சத்தத்தில் விழித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்புத் தூக்கம். ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தான்.

தலைக்கு மேல் ஓடும் ஃபேன் போட்ட சத்தம் இல்லை அது. சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது.

அசையாமல் கிடந்தான். அந்த ஃபேன் சுற்றி ஒரு வருஷம் இருக்கும்.

வேலூர் வெயிலில் கம்பளி போர்த்தி ஒருத்தி இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அவன் மனைவி இருந்தாள். ஃபேன் போட்டால் அவளுக்கு நடுக்கம். போடாவிட்டால் அவனுக்கு வேர்வைக் குளியல். சண்டையெல்லாம் இல்லை. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டான்.

பிறகு பேச்சும் குறைந்துபோனது.

அவள் பருத்தாள். முடி கொட்டியது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சோம்பேறித்தனம் என்றாள் அவன் அக்கா. அவனும் மறுத்துப் பேசவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்றார். உடம்பே அந்தச் சுரப்பியைப் பகையாக நினைத்து அரித்துவிடுகிறதாம்.

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். சோம்பேறி இல்லை என்று ஒருவராவது சொல்லிவிட்டாரே என்ற நிம்மதி.

தினம் காலையில் ஒரு மாத்திரை. அந்தப் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். டவரா ஓரத்தில் மாத்திரையை வைத்து, நுரை ததும்பும் காபியோடு படுக்கைக்கே கொண்டுபோய் நீட்டுவான். அத்தனை அக்கறை.

மாதங்கள் போயும் கம்பளி இறங்கவில்லை. மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள்.

“மாத்திரையை எதோட முழுங்குறீங்கம்மா?”

அவன் முந்திக்கொண்டான். “நான்தான் மேடம், சூடா காபியோட குடுத்துடுவேன்.”

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். காபி, மாத்திரையை உடம்பில் ஒழுங்காகச் சேர விடாதாம்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள்தான் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அதிலிருந்து வெறும் வயிற்றில் மாத்திரை, தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அதுவரை அவனும் குடிப்பதில்லை. டிகாக்ஷன் வாசனையை மோந்தபடி இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். சும்மா எப்படி உட்காருவது? பேச்சு வந்துவிடும்.

கீச். கீச்.

கதவு திறந்தது.

கம்பளி இல்லை. கழுத்தெல்லாம் வேர்வை.

“அஞ்சுல வச்சும் காத்தே வரல. வந்து என்னன்னு பாருங்க.”

எழுந்தான்.

தலையணையையும் எடுத்துக்கொண்டான்.