மூன்றாவது நிமிடம்

1982. இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி ஊரில், ஒரு மதுக்கடையின் பின்னறையில் ஈரக் கோட்டுகள் நாறும் மதியம். எங்கள் இசைக்குழுவின் பாடகன் நெவில் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டே, கண்ணாடி வழியாகக் கீபோர்டுக்காரன் டெரன்ஸைப் பார்க்கிறான். தோள்வரை தொங்கிய முடியை டெரன்ஸ் ஒட்ட வெட்டியிருக்கிறான்.

“என்னடா, அந்த பங்க் பாட்டுக்காரப் பசங்களோட சேந்துட்டியா?”

“தலையில பேன் புடிச்சிருச்சுடா. அம்மா வெட்டிவிட்டாங்க.”

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து நான் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறேன். நெவில் சிரிக்கவில்லை. “நம்ம பாட்ட எடு.”

எங்கள் பாட்டு பத்தொன்பது நிமிடம். மூன்று நிமிடமாகக் குறைக்கச் சொன்ன ரெக்கார்டு கம்பெனிக்காரரைப் போன மாதம் நெவில் கதவுவரை விரட்டினான். இப்போது கீபோர்டு அலையலையாய் எழும்ப, சாயப்பூச்சுக்குள் நெவிலின் கண்கள் மூடுகின்றன. மூன்றாவது நிமிடத்தில், பாட்டு முடிந்ததுபோல, டெரன்ஸ் கைகளைத் தூக்கிவிடுகிறான்.

“யாருக்குடா மூணு நிமிஷமா வாசிச்சுக் காட்டின?” நெவில் அவனையே பார்க்கிறான். என் குச்சிகளும் அதே இடத்தில் நின்றுவிட்டதை அவன் இன்னும் கவனிக்கவில்லை.