காலி ஊஞ்சலின் எடை

காலி ஊஞ்சல் பன்னிரண்டு கிலோதான். ஆனால் நான் அதைக் கூரையில் மாட்டியதும் தராசு அறுபத்தொன்று காட்டியது. கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டுகிற தராசு அது. தொங்குகிற பாரத்தை மட்டுமே காட்டும். வேறு தராசிலும் அதே அறுபத்தொன்று. கொக்கியோ ஐம்பதுதான் தாங்கும். மாலையில் கண்காட்சி, அடியில் கூட்டம் நிற்கும்.

ஐந்து கலைஞர்கள் கூடிச் செய்து, ‘ஆன்மா’ என்று பெயர் வைத்த ஊஞ்சல். ஐந்து பேருக்கும் ஒரு முடிச்சுகூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை.

“அது ஆன்மாவோட பாரம்ணே,” என்றாள் ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டு.

“ஆன்மா நாப்பத்தொம்பது கிலோவாம்மா? சாப்பாட்டக் குறைக்கச் சொல்லுங்க.”

தராசு அறுபத்திரண்டானது. ஐவரும் பரவசப்பட்டார்கள். பரவசமா கொக்கியைத் தாங்கும்?

பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, காலி ஊஞ்சலைப் பார்த்து, “இதுல உக்காருங்க,” என்றேன். தராசு பன்னிரண்டுக்கு இறங்கியது. நாற்காலியில் வேறு யாரும் உட்காராதபடி சுற்றிலும் கயிறு கட்டிவிட்டேன்.