சங்கிலிக்கு ஒரு வக்கீல்

“சங்கிலிக்கா மேடம் வக்காலத்துப் போட்டிருக்கீங்க?”

அபிதா கேட்டாள். கையில் இருந்த கேஸ் கட்டின் மேல்தாளிலேயே சங்கிலியின் கையெழுத்து கிடந்தது.

“ஆமா” என்றார் வக்கீல் இவாஞ்சலின். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அபிதா சட்டக் கல்லூரியில் முதலாண்டு. லீவு நாளில் தொழில் பழகலாமே என்று பழனிசெட்டிபட்டியில் இருக்கும் இவாஞ்சலின் ஆபீசுக்கு வந்து போகிறாள். வந்த இடத்தில் தலையில் இப்படிக் கல் விழும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

சங்கிலி ஜீப் டிரைவர். கூடலூரில் இருந்து பெண்களை ஏற்றிப்போய் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருகிறவன். நாலு மாதத்துக்கு முன்னால் மூக்கு முட்டக் குடித்துவிட்டுக் குமுளி இறக்கத்தில் ஜீப்பை உருட்டிவிட்டான். மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி விஜி, அபிதாவின் அக்கா. தங்கச்சி சட்டம் படிக்க வேண்டும் என்பதற்காகவே தோட்ட வேலைக்குப் போனவள்.

அவனுக்கு ஆஜராவதில்லை என்று கோர்ட்டில் அத்தனை வக்கீல்களும் ஒரே பேச்சாக நின்றார்கள். இலவச சட்ட உதவி மையத்தில் இருந்து அனுப்பிய இரண்டு பேரும் காய்ச்சல், கல்யாணம் என்று கழன்றுகொண்டார்கள். அதைக் கேட்டுத்தான் அபிதா நாலு மாதத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

“விஜி எங்க அக்கான்னு ஒங்களுக்குத் தெரியும்ல மேடம்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“கேட்டுக்கிட்டாக அபிதா. மறுக்க முடியல.”

“யாரு? அவன் பொண்டாட்டியா?”

“அத நான் சொல்லக் கூடாது.”

“காசுக்காகவா?”

“காசு வாங்கல.”

அபிதாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “ஞாயித்துக்கெழம சர்ச்சுல எங்க அக்காவுக்காக ஜெபம் பண்ணேன்னு சொன்னீங்களே மேடம். அதெல்லாம் நடிப்பா?”

இவாஞ்சலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாளைல இருந்து நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அபிதா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

குமுளி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை. இவ்வளவு பெரிய வக்கீல் வந்து நின்றால் கேஸ் என்னாகும்? சங்கிலி வெளியே வந்து மறுபடியும் அதே ஜீப்பை ஓட்டுவானா? இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மகளைப் பறிகொடுத்ததில் இருந்து பாதி உயிராக நடமாடுகிறவள். சொன்னால் மீதியும் போய்விடும். சொல்லாமல் இருந்தாலோ, ஊரே வந்து சொல்லும்.

கூடலூரில் இறங்கி வீட்டுக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா சோணையம்மாள் ஒன்றும் கேட்காமல் தட்டில் சோற்றைப் போட்டாள்.

“ம்மா, சங்கிலிக்கு வக்கீல் கெடச்சிருச்சு.”

சோணையம்மாள் குழம்பை ஊற்றினாள்.

“யாருன்னு கேக்க மாட்டியா? எங்க மேடம்தேன். இவாஞ்சலின் மேடம்.”

“ஒத்துக்கிட்டாகளா?”

சோற்றில் வைத்த கையை அபிதா வெடுக்கென்று எடுத்தாள். “ஒத்துக்கிட்டாகளான்னா? ஒனக்கு எப்படித் தெரியும்?”

“மூணு தடவ போனேன்த்தா. ரெண்டு தடவ முடியாதுன்னுட்டாக. ஒங்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு கேட்டுக்கிட்டேன். அதேன் அவுக வாயத் தொறந்திருக்க மாட்டாக.”

அபிதா சோணையம்மாளையே வெறித்துப் பார்த்தாள். பெற்ற தாயைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

“நீயா? விஜியக் கொன்னவனுக்கு நீயா வக்கீல் தேடுன? அவன் பொண்டாட்டி வந்து அழுதாளா? பாவம் பாத்தியா?”

“பாவமா? அவனுக்கா?” சோணையம்மாள் குழம்புச் சட்டியை ணங்கென்று கீழே வைத்தாள். “பரிச்சைக்கு நீ சத்தம் போட்டுப் படிக்கும்போது நான் இங்கன அடுப்படிலதான இருந்தேன். வக்கீல் இல்லாதவனுக்கு ஒரு கோர்ட்டு தண்டன குடுத்தா, மேல்கோர்ட்டுல அது நிக்காது, கேஸ மொதல்ல இருந்து நடத்தச் சொல்லிருவாகன்னு படிச்சியா இல்லையா?”

படித்தாள்தான். பரீட்சையில் அதையே பத்து மார்க்குக்கு எழுதிவிட்டும் வந்தாள். ஆனால் அந்தப் பாடத்தில் சங்கிலி என்று ஒருத்தன் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“ரெண்டாவது தடவையா கேஸ் நடந்தா, அதுவரைக்கும் எந்தச் சாட்சி உசுரோட இருக்கும்? எவன் வந்து நெசத்தச் சொல்லுவான்?” சோணையம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“அதேன் வக்கீலம்மாகிட்ட, அவனுக்காக நல்லா வாதாடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவன் தரப்பு பேச்ச எல்லாம் கேட்டுட்டே உள்ள தள்ளட்டும். வக்கீல் இல்லன்னு சொல்லி அவன் வெளிய வந்துரக் கூடாதுத்தா.”