பின்னால் வரும் வண்டி

செங்குத்தான பாறைத் தடத்தின் வளைவில் அவன் பைக்கை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். இப்போதுதான் அவனுடைய பின்சக்கரம் வழுக்கி, தலையளவு கல்லொன்று பெயர்ந்து கீழே உருண்டிருக்கிறது. பாறைக்குப் பாறை தாவிப்போன அந்தச் சத்தத்தில், கடைசி மோதல் மட்டும் கல்லின் மேல் விழுந்ததாகக் கேட்கவில்லை. பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த தங்கை கணவனின் எஞ்சின் உறுமலும் அத்தோடு நின்றுவிட்டது. சாய்வெயிலில் செம்புழுதி சரிவை மூடித் தொங்குகிறது. சூடான சைலன்சர் டிக் டிக்கென்று ஆறுகிறது. கீழே இருப்பதும் இவனுடைய வண்டிதான். காலையில் சாவியைக் கொடுக்கும்போது, "மாப்ள, ஒரு கீறல் விழுந்துச்சு, தொலைச்சுடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றி, "மாப்ள! மாப்ள!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். எதிர்மலை அதையே இரண்டுமுறை திருப்பிச் சொல்கிறது. அதன் பிறகுதான் புழுதிக்குள்ளிருந்து மெலிந்த குரல் ஒன்று ஏறி வருகிறது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல மச்சான்."

"வண்டி கெடக்குது விடு! உனக்கு?"

புழுதி மெல்ல மெல்ல அடங்குகிறது. பதில் வரவில்லை.