ஆடி ஐந்தாம் தேதி

"நேத்து வரச் சொல்லிச் சம்மன் போயிருக்கு. ஆடி அசைஞ்சு இன்னைக்கு வந்து நிக்கீரு. கோர்ட்டு என்ன உம்ம குதிரை லாயமா வே?"

குமாஸ்தா அப்பாத்துரை அதட்டியதும் கோர்ட்டே சிரித்தது. குதிரைவண்டிக்கார நெல்லையப்பன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

கேஸ் சின்னதுதான். ரயிலடியில் போலீஸ்காரர் கேட்டபோது வண்டி லைசென்சைக் காட்டவில்லை. வீட்டில் இருக்கிறது என்றிருக்கிறான். அதைக் கோர்ட்டில் வந்து காட்டும்படி ஜூலை இருபதாம் தேதிக்குச் சம்மன். நேற்று மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் இல்லை.

"லைசென்சு இந்தா இருக்கு எசமான். சம்மன்ல ஆடி அஞ்சுன்னுதான போட்டிருக்கு? இன்னைக்குத்தான ஆடி அஞ்சு?"

அப்பாத்துரையின் பேனா நின்றது.

சம்மனில் இங்கிலீஷ் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதியையும் எழுதுவது அவன் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவன். வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. ஆனிக்கு முப்பத்தொரு நாள் என்று மனக்கணக்காகவே எழுதிவிட்டிருந்தான். இப்போதுதான் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். இந்த வருஷம் ஆனிக்கு முப்பத்திரண்டு நாள்; ஜூலை இருபது ஆடி நாலுதான்.

போன வருஷம் இதே மாதிரி தேதியைத் தப்பாக எழுதிய குமாஸ்தாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவனுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திசையன்விளையில் பனையேறிப் படிக்கவைத்த அப்பா, பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம்மவன் பி.ஏ." என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "சம்மனை எடு, பார்ப்போம்."

'ஆண்டவரே, அது இவன் கையில் இருக்கக் கூடாது' என்று ஜெபித்தான் அப்பாத்துரை. ஜெபித்த மறுகணமே கூசிப்போனான். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

நெல்லையப்பன் குமாஸ்தாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தான். தலைப்பாகையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டான்.

"தொலைஞ்சிட்டு எசமான்."

"போலீசுக்கு லைசென்சு காட்டுறதில்லை. சொன்ன தேதிக்கு வர்றதில்லை. இன்னைக்குத்தான் தேதின்னு பொய் வேறே. மூணு மாசம் நீ வண்டி ஓட்டக் கூடாது. குமாஸ்தா, லைசென்சை வாங்கி வையும்."

அந்த உத்தரவையும் அப்பாத்துரைதான் எழுதினான். இந்தத் தடவை காலண்டரைப் பார்த்து எழுதினான்.

கோர்ட்டு கலைகிற நேரத்தில், வேப்பமரத்தடியில் நின்ற நெல்லையப்பன் கூப்பிட்டான்.

"குமாஸ்தா ஐயா, கொஞ்சம் இங்கன வாங்க."

தலைப்பாகையை உதறினான். நாலாக மடித்த சம்மன் அதற்குள் இருந்தது.

"இதக் கிழிச்சுப் போட்டுருங்க. காலைல வாசல்ல மனு எழுதுறவரு பாத்தாரு. 'தப்பு குமாஸ்தா பேர்ல லே, எடுத்துக் காட்டு, தப்பிச்சுக்கிடுவே'ன்னாரு."

"பின்ன... ஏன் காட்டல?"

"போன வருசம் வேல போன குமாஸ்தாவையும் அவுக அம்மையையும் நாந்தான் ரயிலடிக்குக் கொண்டு போய் விட்டேன். வழி நெடுக அந்த அம்மா அழுத அழுகை இருக்கே... உள்ள உங்க முகத்தப் பாத்தேன், அது ஞாபகம் வந்துட்டு. இன்னொரு அம்மைய அப்படி ஏத்திட்டுப் போக எனக்குத் தெம்பில்ல ஐயா. மூணு மாசந்தான? மூட்ட தூக்கிப் பொழச்சுக்கிடுதேன்."

ஓட்டக் கூடாதே என்று, வண்டியில் ஏறாமல் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து போனான்.

மாஜிஸ்திரேட் இன்னும் உள்ளேதான் இருந்தார். பத்தடி தூரம்.

"அது என்ன காகிதம் ஐயா?" என்று கேட்டான் கோர்ட்டுச் சேவகன்.

"ஒண்ணுமில்ல" என்று அதைச் சட்டைப்பைக்குள் திணித்தான் அப்பாத்துரை. காலையில் கோர்ட்டு முழுக்கக் கேட்ட அந்தக் குரல், இப்போது அவன் காதுக்கே கேட்கவில்லை.